மினிஸ்டருக்கு ஊற்றிய மருந்து

பிப்ரவரி 4
எங்கள் ஊர் சோம்பா சந்தையில் என் சேவல் மினிஸ்டரைப் பற்றித்தான் பேச்சு. கழுகையே துரத்தியவன். (குஞ்சுக் கழுகு. இருந்தாலும் கழுகுதானே?) அவனுக்கு இன்று கழிச்சல். அக்கா மகள் சியோனே வீட்டில், அவள் குழந்தை ததாலாவின் காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த ரோஸ் நிற மருந்து இருந்தது. பாதியை அவனுக்கு ஊற்றினேன். குறைந்தது தெரியக் கூடாதே, தண்ணீர் விட்டு நிரப்பினேன்.

பிப்ரவரி 6
மினிஸ்டர் கூவுகிறான்! இந்த வட்டாரத்தில் கோழி டாக்டர் நான் ஒருவன்தான்.

பிப்ரவரி 9
காய்ச்சல் முற்றி, ததாலாவைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். "வேளாவேளைக்கு மருந்து குடுத்தியா, இல்ல தூங்கிட்டியா?" என்று நர்ஸ் சியோனேயைத் திட்டினாள். நான் பக்கத்தில் நின்று கூரையைப் பார்த்தேன். தண்ணீர்தானே — தண்ணீர் என்ன செய்யும்?

பிப்ரவரி 13
ஆராய்ச்சிக்காரப் பெண் தோக்கோ வந்தாள். மருந்துக்கு அடங்காத கிருமி மனிதரிடமும் கோழி ஆடுகளிடமும் எப்படித் திரிகிறது என்று பார்க்கிறார்களாம். ததாலாவிடம் ஆஸ்பத்திரியிலேயே மாதிரி எடுத்தாயிற்றாம்; இங்கே மினிஸ்டரின் பின்பக்கம் பஞ்சுக் குச்சி விட்டாள்.
"மாமா, இதுக்கு மருந்து ஏதாச்சும் குடுத்தீங்களா?"
"எங்க வம்சத்துல கோழிக்குக் கத்தாழைச் சாறுதான் தாயி."
எழுதிக்கொண்டாள். என் பொய்யை இவ்வளவு மரியாதையாக யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

பிப்ரவரி 20
வேறு மருந்து ஊசியில் ஏறி, ததாலா கண் திறந்தாள். ஆனால் சியோனேயின் புருஷன் கெனானியின் தாய்மாமன் பிலியாத்தி வழக்கோடு வந்துவிட்டார். "பொறுப்பில்லாதவகூட எங்க பையன் இருக்க மாட்டான்." எங்கள் வழக்கப்படி பெண் பக்கம் பேச வேண்டியவன் தாய்மாமன், அதாவது நான். என்ன பேச்சு பேசினேன்! சபையே சிரித்தது. கடைசியில் வாய் தவறி, "சின்னப் பொண்ணு, மறந்திருப்பா, விடுங்க" என்றேன்.
"மாமா, நான் மறக்கல," என்றாள் சியோனே.
கெனானியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஐயோ, என்ன வாய்டா இது.

மார்ச் 29
தோக்கோ முடிவு கொண்டுவந்தாள். கிருமிக்குள் எழுத்து மாதிரி ஏதோ இருக்கிறதாம். இயந்திரம் முழுக்கப் படிக்குமாம். குழந்தையின் கிருமிக்கும் மினிஸ்டரின் கிருமிக்கும் கிட்டத்தட்ட ஒரே எழுத்து. இரண்டுமே அந்த ரோஸ் மருந்துக்கு அடங்காது.
"சேவல்தான் பிள்ளைக்குக் குடுத்துச்சா?"
"யாருகிட்டேருந்து யாருக்குன்னு இத வச்சு சொல்ல முடியாது மாமா. ஆனா பாட்டில் முழுக்கக் குடுத்திருந்தாலும் கேட்டிருக்காது."
குதித்தேன். சியோனே தப்பித்தாள். நானும்!

ஏப்ரல் 2
மறுபடி சபை. தோக்கோ சொன்னதை அப்படியே சொன்னேன். பிலியாத்தி அசையவில்லை. "கேக்காத மருந்தாவே இருக்கட்டும். அவ மறந்தான்னு நீங்கதானே சொன்னீங்க?"
எழுந்து நின்றேன். "மறக்கல. பாதிய என் சேவலுக்கு ஊத்திட்டுத் தண்ணி கலந்தேன்."
சிரித்தார்கள். "மருமகளக் காப்பாத்த மனுசன் எப்படிக் கதை விடுறான் பாரு!"
சத்தியம் செய்தேன், இன்னும் சிரித்தார்கள். சியோனே மட்டும் சிரிக்கவில்லை. "அந்த மருந்து ஒரே நாள்ல வெளுத்துப் போச்சு," என்றாள் மெதுவாக. சபை அடங்கியது.

ஏப்ரல் 3
தோக்கோவுக்குப் போன் போட்டேன். "கத்தாழைன்னு எழுதினத அடிச்சிடு தாயி." எத்தனை தடவை கொடுத்தேன் என்று கேட்டாள். ஒரே தடவை என்று வாய்வரை வந்தது. இல்லை — ரெண்டு வருஷமாக எல்லாக் கோழிக்கும், கடையில் அதே மருந்தை மாத்திரையாக வாங்கி. சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 21
கெனானி திரும்பிவிட்டான். சியோனேக்காக இனிப் பேசுவது என் தம்பி வைசன், அவளே கேட்டுக்கொண்டாளாம். இன்று பிலியாத்தி முன்னால் திக்கித் திக்கிப் பேசினான். நாற்காலிகள் பேசுகிற ஆண்களுக்கு. நான் பெண்களோடு பாயில். ததாலா தவழ்ந்து வந்து என் மடியில் தூங்கிப்போனாள். சியோனே ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிள்ளையை எடுத்துக்கொள்ளவில்லை.