வெயில் பட்ட பேப்பர்

1996 மே 14, செவ்வாய்

எதிர்வீட்டு ஸ்டெல்லா நாளை விடிகாலை குடும்பத்தோடு கோயம்புத்தூர் போகிறாள், ஒரேயடியாக. "போட்டோ தர்றேன்னு எத்தினி மாசம்டா படம் காட்டுவே?" என்று நேற்றும் கேட்டாள். அவளை நான் எடுத்த படத்தைப் பிரிண்ட் போட, தேனாம்பேட்டைக் கடையில் மிச்சமிருந்த ஒரே போட்டோ பேப்பர் பாக்கெட்டை வாங்கி வந்தேன்.

"அடுத்த மாசம்தான் இனிமே வரும் நைனா," என்றார் கடைக்காரர்.

பிரிண்ட் போட இருட்டு வேண்டுமென்று பாத்ரூம் ஜன்னலுக்குக் கறுப்புத்துணி கட்டிவிட்டு வந்தால் பாக்கெட்டைக் காணோம். தேடி மொட்டைமாடிக்குப் போனால், சாயங்கால வெயிலில் தங்கை பாக்கெட்டைப் பிரித்துத் தாள்தாளாக உதறிக்கொண்டிருக்கிறாள்.

"எங்கேடா ரப்பர் பல்லி?"

அவளைப் பயமுறுத்த இதுவரை வீட்டுக்கு வந்த எல்லாப் பொட்டலத்திலும் பல்லி வைத்தவன் நான்தான். எப்படித் திட்டுவது? வெளிச்சம் பட்டுவிட்ட அந்தப் பேப்பரில் இனி எந்த முகமும் வராது.

நெகட்டிவையே கொடுத்தால் அங்கே ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டுக்கொள்வாள். என்னிடம் அவள் முகம் இருக்காது. கவரில் போட்டுப் பெயர் எழுதிவிட்டேன். இன்னும் ஒட்டவில்லை.