பக்கத்து வீட்டுக்காரி பார்த்துக்கொள்வாள்

அக்கா,

இன்று காலை அந்தப் பள்ளிக்கூடத்து வராந்தாவில் போய் உட்கார்ந்தபோது, யாரோ அப்போதுதான் ஃபினாயில் போட்டுத் துடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வாசனை மூக்கில் ஏறியதும் நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாய். நம் இரண்டு பேர் கையிலும் எந்நேரமும் இருந்த வாசனைதானே. பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் அந்தக் கண்ணாடிக் கட்டடத்தை மாடி மாடியாகத் துடைத்துவிட்டு ரயிலில் திரும்பும்போது கடலைப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டுவாய். கடலையும் ஃபினாயில் மணக்கும். "துன்னுடி, வயித்துல கீற பூச்சியெல்லாம் செத்துப்பூடும்" என்பாய். இன்றைக்குத் துடைத்தவள் மூலையில் தண்ணீரைத் தேங்க விட்டிருந்தாள். நீ பார்த்திருந்தால் மாப்பைப் பிடுங்கி நீயே துடைத்திருப்பாய்.

என் பக்கத்தில் பவித்ரா உட்கார்ந்திருந்தாள். உன் பெண். ஏழாவது முடித்துவிட்டாள். எட்டாவதுக்கு இடம் கேட்டு நான்தான் அழைத்துப் போனேன்.

இதே வராந்தாவில் நாம் இரண்டு பேரும் இரண்டு பெண்களையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே, அப்போது அதுகள் ஐந்தாவது முடித்திருந்தன. நம் லைன் வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் அரசுப் பள்ளியில் ஒவ்வொரு வருஷமும் பெஞ்சு காலியாகிக்கொண்டே வந்தது. உனக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வரும். "எங்கப்பன் கேஜுல பூமிக்குள்ள எறங்கினாரு. நான் கேஜுல மேல ஏறி கக்கூஸ் கழுவறேன். எம்பொண்ணு கையில மாப்பு வரக்கூடாதுடி" என்பாய். ஆபீஸ் லிஃப்டையும் தங்கச் சுரங்கத்துக் கூண்டு மாதிரி கடைசிவரை கேஜ் என்றுதான் சொன்னாய். செக்யூரிட்டிப் பையன்கள் சிரிப்பார்கள். உனக்கென்ன, நீயும் சேர்ந்து சிரிப்பாய்.

அந்தப் பள்ளிக்கூடம் கேட்டவர்களுக்கெல்லாம் இடம் கொடுக்கிற இடமில்லை. பிள்ளைக்குப் பரீட்சை வைப்பார்கள். தேறினால் பெற்றோருக்குப் பேட்டி. பிள்ளைகள் இரண்டும் பரீட்சையில் தேறிவிட்டன. பேட்டி இங்கிலீஷில் என்றதும் நமக்குத்தான் பயம் பிடித்தது. அப்போது லேடீஸ் பெட்டியே நமக்காக வரிந்துகட்டிக்கொண்டு இறங்கியது. பங்காரப்பேட்டையில் ஏறும் பேங்க் அக்கா, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு ஹெட்மிஸ்ட்ரஸ் ஆகிவிடுவாள். "யுவர் டாட்டர்ஸ் ஆம்பிஷன்?" என்பாள். "கலெக்டர், மேடம்" என்று நாம் சொல்வதற்குள், பூக் கட்டுகிறவளும் தூங்கி வழிகிறவளும் சேர்ந்து கத்துவார்கள். டேக்கல் தாண்டுவதற்குள் பெட்டியில் இருக்கும் அத்தனை பேர் பெண்களும் கலெக்டர் ஆகியிருப்பார்கள்.

ஒரு கேள்வி மட்டும் நம்மைத் திணற அடித்தது. நீங்கள் வேலைக்குப் போய்விட்டால் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள்? உன் வீட்டுக்காரர் திருப்பூருக்குப் போகிறேன் என்று போனவர், போனவர்தான். என் வீட்டுக்காரர் ஆட்டோ ராபர்ட்சன்பேட்டையிலிருந்து திரும்ப நேரங்காலம் கிடையாது. நீ என்னைக் காட்டி "இவ பாத்துக்குவா" என்றாய். நான் உன்னைக் காட்டி "அக்கா பாத்துக்கும்" என்றேன். பேங்க் அக்கா அதை அழகாக இங்கிலீஷ் ஆக்கிக் கொடுத்தாள். "மை நெய்பர் வில் டேக் கேர், மேடம். ஷி இஸ் லைக் மை சிஸ்டர்." பக்கத்து வீட்டுக்காரி பார்த்துக்கொள்வாள், கூடப் பிறந்தவள் மாதிரி. பெட்டியே கை தட்டியது.

இரண்டு பேரும் ஒரே ரயிலில் ஒரே சீட்டில் உட்கார்ந்துதான் இதை மனப்பாடம் செய்கிறோம் என்பது ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. நமக்கும்தான். சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பள்ளி விட்டு வந்து, நாம் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் இறங்கி நடந்து வரும்வரை அந்த இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டது அந்த இரண்டு பிள்ளைகளேதான்.

பேட்டியன்று காற்றுக் காலம். தங்கம் எடுத்துவிட்டுக் கொட்டிய சயனைடு மேட்டு மண் லைன் முழுக்கப் பறந்தது. பிள்ளைகளின் ஷூவை நீ ஒரு பையில் போட்டு எடுத்து வந்து, கேட் வாசலில் உட்கார வைத்து மாட்டினாய். ஃபினாயில் வாசனை போக நம் கைகளில் எலுமிச்சம்பழத்தைத் தேய்த்துவிட்டாய். உன் டோக்கன்தான் முதலில். "உன் வூட்டுக்காரரு நெளியறாரு பாரு, உட்டா ஆட்டோவ எட்துக்கினு ஓடிடுவாரு. நீ முன்னால போ" என்று என்னைத் தள்ளினாய். போனேன். கேட்டதெல்லாம் ரயிலில் கேட்ட கேள்விகள். சொன்னதெல்லாம் ரயிலில் சொன்ன பதில்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் சிரித்த முகமாக ஏதோ எழுதிக்கொண்டார்.

உள்ளே உனக்கு நடந்ததை மறுநாள் பெட்டியில் நீ நடித்துக் காட்டினாய். நீ அதே பதில்களை ஒப்பிக்க ஒப்பிக்க அவர் புருவம் ஏறிக்கொண்டே போனதாம். யார் அந்தப் பக்கத்து வீட்டுக்காரி என்று கேட்டாராம். "இப்ப வந்துட்டுப் போனாங்களே, அவங்கதான் மேடம்." அவரும் வேலைக்குப் போகிறாரா? "எஸ் மேடம்! சேம் ட்ரெயின் மேடம்!" என்று நீ பெருமையாகச் சொன்னாயாம். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டாராம். பெட்டியே விழுந்து விழுந்து சிரித்தது. பேங்க் அக்கா மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டாள். மாலூர் வந்ததும் நீ ஜன்னல் பக்கம் திரும்பினாய். ஒயிட்ஃபீல்டு வரைக்கும் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

என் தீபாவுக்கு இடம் கிடைத்தது. பவித்ராவுக்கு இல்லை. அன்று சாயங்காலம் நீ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாயே, அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. "இன்னாடி மூஞ்சிய இப்டி வச்சிக்கினு கீற? நம்ம பொண்ணு ஒண்ணு உள்ள போய்ட்ச்சி இல்ல?" என்றாய். என் மகளுக்கு அந்தப் பள்ளி டையைக் கட்டத் தெரியாது. உன் மகள் ஒரே தடவை பார்த்துக் கற்றுக்கொண்டு தினமும் காலையில் வந்து கட்டிவிட்டுத்தான் தன் பள்ளிக்குப் போவாள். இன்னும் அவள்தான் கட்டிவிடுகிறாள்.

நீ விடுகிற ஆளா? "ஏழாவது முடியட்டும். எட்டாவதுக்கு மறுபடி போவேன். நைட்டு ஷிப்ட் கேட்டு வாங்கிக்கறேன். பகல்ல வூட்ல இருப்பேன். அப்ப அந்த மேடம் இன்னா கேக்கறாங்க பாக்கலாம்." சொன்னபடியே வாங்கினாய். ராத்திரி துடைத்து, விடிகாலை ரயிலில் வந்து, சமைத்து, துவைத்து, பிள்ளை வருகிற நேரத்துக்கு விழித்திருந்து, மறுபடி ரயில். தூங்கு அக்கா என்றால், "பேட்டி முடியட்டும், சேத்து வச்சித் தூங்கறேன்" என்பாய். கன்னம் ஒட்டிப்போனது. காய்ச்சல் வந்தபோதும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு போனாய். லீவு போட்டால் நைட் ஷிப்டை வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று பயம். கடைசியில் என் வீட்டுக்காரர் ஆட்டோவில்தான் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். என் மடியில் தலை வைத்திருந்தாய். உடம்பு அனலாகக் கொதித்தது. "பவித்ராக்கு சோறு போட்டியா?" என்றாய். போட்டேன் என்றேன். அதற்கப்புறம் நீ என்னிடம் பேசவே இல்லை.

உன் வீட்டுக்காரர் காரியத்துக்கு வந்தார். பிள்ளையைப் பார்த்து அழுதார். அடுத்த மாசம் வந்து அழைத்துப்போகிறேன் என்றார். அவர் கொடுத்துவிட்டுப் போன நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லையாம். நல்லதாகப் போயிற்று என்று அன்றைக்கு நினைத்தேன். நான் ரயில் வேலையை விட்டுவிட்டேன் அக்கா. இங்கேயே ஒரு கல்யாண மண்டபத்தில் துடைக்கிறேன். சம்பளம் குறைவுதான். நாலு மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பேன்.

இன்றும் அதே ஹெட்மிஸ்ட்ரஸ். அவருக்கு என்னையும் நினைவில்லை, உன்னையும் நினைவில்லை. எத்தனை பேரைப் பார்க்கிறாரோ, அவரைச் சொல்லி என்ன. பவித்ராவின் பரீட்சைப் பேப்பரைப் புரட்டி "வெரி குட்" என்றார். நான் யார், உனக்கு என்ன ஆயிற்று என்பதையெல்லாம் சொல்ல வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். அதற்குள் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டார். பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள்?

என் வாய் தானாகத் திறந்தது. "மை நெய்பர் வில் டேக் கேர், மேடம். ஷி இஸ் லைக் மை சிஸ்டர்."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது. எங்கே அவர் என்று கேட்டார். என்னத்தைச் சொல்ல? இங்கிலீஷும் வரவில்லை, தமிழும் வரவில்லை. பவித்ராதான் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "இவங்கதான் மேடம் அந்த நெய்பர். எங்க அம்மா இப்ப இல்ல. இவங்க நாலு மணிக்கெல்லாம் வீட்ல இருப்பாங்க."

அவளும் உன்னை மாதிரியே பெருமையாகத்தான் சொன்னாள்.

ஹெட்மிஸ்ட்ரஸ் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். நல்லபடியாகவே பேசினார். அப்பா வந்து கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் கார்டியன் என்று கோர்ட்டில் எழுதி வாங்கி வர வேண்டும், அதுவரை இடத்தை நிறுத்தி வைக்க முடியாது என்றார். பக்கத்து வீட்டுக்காரி என்பதற்கு அவர்களிடம் கட்டம் இல்லை. பொய் சொன்ன அன்றைக்கு என் பிள்ளைக்குக் கொடுத்தார்கள். அது உண்மையாகிவிட்ட இன்றைக்கு உன் பிள்ளைக்கு இல்லை என்கிறார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த வராந்தாத் தண்ணீரை வாரி இறைத்திருப்பேன். பிள்ளை முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

கேட்டுக்கு வெளியே வந்ததும் பவித்ரா உட்கார்ந்து ஷூவைக் கழற்றிப் பையில் போட்டாள். மண் படக்கூடாதாம். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"நான் சொன்னது சரிதான சின்னம்மா?"

"சரியாத்தான் சொன்ன கண்ணு."

"அப்புறம் ஏன் சீட்டு இல்லன்னாங்க?"

ரயிலில் எத்தனையோ கேள்விக்குப் பதில் சொல்லிக் கொடுத்தார்கள் அக்கா. இதை யாரும் கேட்டதே இல்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். கோர்ட்டு எந்தப் பக்கம் இருக்கிறது என்று நாளைக்கு விசாரிக்க வேண்டும். பேங்க் அக்காவைக் கேட்டால் தெரியும். அங்கேயும் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

இப்போது மணி நாலரை. நான் வீட்டில்தான் இருக்கிறேன். பவித்ராவுக்குச் சோறு போட்டுவிட்டேன்.