விட்டெக்கின் வேனில் ஏறிய பெட்டி

மார்ச் 12, வியாழன்

பட்டறையில் ஆறு வண்டிக்கும் ஏப்ரலிலேயே இடம் பிடித்துவிட்டேன். ஜூலை முதல் தேதியிலிருந்து எல்லை தாண்டும் சரக்கு வேன்களிலும் டாகோகிராஃப் பெட்டி இருந்தாக வேண்டும். எவ்வளவு நேரம் ஓட்டினான், எப்போது ஓய்வெடுத்தான், எல்லாம் அதில் பதிவாகும். போலந்து முழுக்க இருக்கிற வேன்காரர்கள் ஜூன் கடைசியில் வரிசை கட்டி நிற்பார்கள். நான் நிற்க மாட்டேன்.

தம்பி விட்டெக் அலுவலகத்துக்குள் தலையை நீட்டினான். “அந்தப் பெட்டி என் வண்டியில ஏறாதுக்கா. லாரிக்காரனுங்க மூக்கணாங்கயிறு அது. நான் எதுக்குப் போட்டுக்கணும்?”

“வண்டி பாதி என்னுது. என் பாதியில ஏத்திக்கிறேன்” என்றேன். சிரித்துவிட்டுப் போனான். அவன் சிரித்தால் சம்மதம் என்று அர்த்தமில்லை.

மார்ச் 20, வெள்ளி

ஐந்து ஓட்டுநர்களும் பெட்டிக்கான கார்டுக்குப் புகைப்படம் கொடுத்துவிட்டார்கள். விட்டெக் மட்டும் இல்லை. கார்டு இல்லாதவன் ஜூலைக்குப் பிறகு பிரான்ஸ் பக்கம் தலைவைக்க முடியாது என்றேன். “அப்ப நம்ம ஊரு மியெலெட்ஸுக்குள்ளயே ரொட்டி போடுறேன்” என்கிறான். லியோனுக்கும் ஸ்டுட்கார்ட்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டு போய்வருகிறவன். கண்ணை மூடிக்கொண்டு — என்ன வார்த்தை எழுதியிருக்கிறேன்.

எனக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஓட்டும் நேரம் முடிந்தால் என் தம்பி வண்டியை நிறுத்த வேண்டும். அவ்வளவுதான். நான் சொல்லி அவன் நிறுத்தியதில்லை. பெட்டி சொல்லியாவது நிறுத்தட்டும்.

ஏப்ரல் 14, செவ்வாய்

இரண்டு வண்டிகளில் பெட்டி ஏறிவிட்டது. ஒன்று லெஷெக் ஓட்டுவது, இன்னொன்று விட்டெக்குடையது. அவன் இத்தாலியிலிருந்து வந்து தூங்கும்போது சாவியை எடுத்துப் போய் மாட்டவைத்தேன். எழுந்து பார்த்துவிட்டு இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. பேசாமலே இருக்கட்டும்.

ஏப்ரல் 27, திங்கள்

இன்று சிரித்து வயிறு வலித்தது. பழகட்டும் என்று லெஷெக்கைக் கார்டு போட்டு பிராக் நகரம் வரை அனுப்பியிருந்தேன். பாவம், ஒழுங்காக வண்டியை ஓரம்கட்டி, கூரைமேல் இருக்கும் படுக்கையில் ஏறி இரவு முழுக்கக் குறட்டை விட்டிருக்கிறான். டாகோகிராஃபில் ஓய்வுக்கான கட்டில் படப் பொத்தானை அழுத்த மட்டும் மறந்துவிட்டான். வண்டி நின்றதும் பெட்டி தானாகச் சுத்தியல் படத்துக்கு, அதாவது வேலைக்கு, மாறிவிடும். ராத்திரி முழுக்க அவன் வேலை பார்த்ததாகப் பதிவாகிவிட்டது.

“பெட்டியே சொல்லுது யோலாக்கா, நான் தூங்காம உழைக்கிறேன்னு. சம்பளத்தைக் கூட்டிக் குடுங்க.”

லாரியில் இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவனுக்கு மறக்காது. மேலே ஏறிப் படுத்துவிட்டாலே தூக்கம்தான் என்று பழகிய நம் வேன்காரர்களுக்குத்தான் இப்படி மறக்கும். படுக்கைக்கு ஏறும் படியில் சிவப்பு மையால் எழுதி ஒட்டினேன்: ‘ஏறுவதற்கு முன் கட்டிலை அழுத்து’. ஆறு வண்டியிலும். விட்டெக் வண்டியிலும்.

மே 9, சனி



விட்டெக் காலையில் லியோனிலிருந்து வந்தான். வண்டியின் வலதுபக்கக் கண்ணாடி இல்லை. “மான் குறுக்க வந்துச்சு” என்றான். மான் வந்தால் முன்பக்கம்தானே அடிபடும்? வலதுபக்கம் முழுக்க ஒரே நீளக் கோடு. நெடுஞ்சாலை ஓரத்துத் தடுப்புத் தகட்டில் உரசியபடியே போயிருக்கிறான்.

“என்னைப் பாத்து சொல்லுடா.”

ஷூவைப் பார்த்துக்கொண்டே நின்றான். அப்புறம், “ஒரு நொடிதான்க்கா. கண்ணு அசந்துடுச்சு.”

ஒரு நொடியா? அந்தத் தகடு இல்லாத இடமா இருந்தா? பாலமா இருந்தா? நான் மர்ஜெனாகிட்ட போய் என்னன்னு சொல்லுவேன், உன் புருஷனுக்கு ஒரு நொடிதான் கண்ணு அசந்துச்சும்மான்னா? பாவிப்பய.

மே 10, ஞாயிறு

பூசை முடிந்து வந்து பார்த்தால் என் மேசையில் விட்டெக்கின் இரண்டு புகைப்படங்கள். முறைத்துக்கொண்டிருக்கிறான். கார்டில் அந்த முகமே வரட்டும்.

ஜூன் 10, புதன்

ஸ்டுட்கார்ட் தொழிற்சாலையில் சரக்கு எடுக்கும் பெக் அம்மாள் தொலைபேசியில் வந்தார். இங்கே ஞாயிறு மதியம் ஏற்றி அங்கே திங்கள் விடியலில் இறக்குவது மாறவே கூடாதாம்.

“மாறும். சனிக்கிழமையே ஏத்தச் சொல்லுங்க. இல்லன்னா ரெண்டு ஓட்டுநர், ரெண்டு ஆள் கூலி.”

“உங்க தம்பி எப்பவும் ஒரே ஓட்டமா வந்துடுவாரே.”

“இனிமே வரமாட்டான்.”

வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டார். பார்க்கட்டும்.

ஜூன் 12, வெள்ளி

பெக் அம்மாள் மறுபடி கூப்பிட்டார், சனிக்கிழமைக்கே ஏற்றுவார்களாம். மற்ற வேன்காரர்களும் இதையேதான் சொன்னார்களாம்.

ஜூலை 1, புதன்

ஆறு வண்டியும் பெட்டியோடு எல்லை தாண்டின. யாரும் திட்டவில்லை, லெஷெக்கைத் தவிர.

ஜூலை 25, சனி

நாளை ஓட்டுநர்களின் காவலரான புனித கிறிஸ்டோஃபர் ஞாயிறு. ஒன்பது மணிப் பூசைக்குப் பிறகு ஃபாதர் வண்டிகளுக்குத் தீர்த்தம் தெளிப்பார். விட்டெக் ஒரு வருடம்கூட விட்டதில்லை. எங்கே இருந்தாலும் இரவெல்லாம் ஓட்டி வந்து வரிசையில் நிற்பான். அந்தத் தீர்த்தம்தான் தன்னை வருடம் முழுக்கக் காப்பாற்றுகிறது என்பான். அப்புறம் மதியச் சாப்பாட்டில் சூப் கிண்ணத்தின் முன்னாலேயே தலை சாய்ந்துவிடும். நாங்கள் எல்லோரும் சிரிப்போம்.

இன்று சாயங்காலம் ஜெர்மனியில் டிரெஸ்டன் பக்கம் வரும்போதே அவன் ஓட்டும் நேரம் முடிகிறது. ஓய்வெடுத்துவிட்டுக் கிளம்பினால் பூசைக்கு வந்து சேர முடியாது.

கூப்பிட்டுச் சொல்லலாமா? கூடாது. நான் சொன்னால் எனக்காக நிறுத்துவான், அடுத்த முறை ஓடுவான்.

கைபேசி வரைபடத்தில் அவன் வண்டிப் புள்ளி நகர்ந்துகொண்டே இருந்தது. சமையலை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். டிரெஸ்டன் தாண்டியது. அப்புறம் ஒரு வண்டி நிறுத்துமிடத்தில் நின்றது. டீசலுக்கு நிற்கிறானோ? உருளைக்கிழங்கு கருகிப்போனது. புள்ளி அசையவில்லை.

செய்தி வந்தது: ‘கட்டிலை அழுத்திட்டேன். ஃபாதர்கிட்ட சொல்லிடு.’

உட்கார்ந்து அழுதேன். கருகியதையே சாப்பிட்டேன்.

ஜூலை 26, ஞாயிறு

தேவாலயத்துக்கு முன்னால் ஐந்து வேன்களை நிறுத்தி, நடுவில் ஒரு வண்டிக்கு இடம் விட்டேன். பக்கத்துத் தெருக்காரர் தன் பழைய ஃபியட்டை அதில் நுழைக்கப் பார்த்தார். மர்ஜெனா போய் நடுவில் நின்றுகொண்டாள். “இது என் வீட்டுக்காரர் இடம்.”

ஃபாதர் வாளியோடு வந்தார். “இங்க யாரு?”

“விட்டெக், ஃபாதர். ராத்திரி ஜெர்மனியில தூங்கிட்டு இப்பத்தான் வந்துக்கிட்டிருக்கான்.”

ஃபாதர் அந்த வெற்றிடத்தில் மூன்று தடவை தெளித்தார். மர்ஜெனா நகரவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சட்டை தொப்பலாக நனைந்தது.

விட்டெக் நாங்கள் சாப்பிட உட்காரும் நேரத்துக்கு வந்தான். சூப்பை ஊற்றிவிட்டு எல்லோரும் பழக்கதோஷத்தில் அவன் தலையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் கிண்ணத்தைக் காலிசெய்து நீட்டினான்.

“என்ன பாக்குறீங்க? இன்னும் கொஞ்சம் ஊத்துக்கா. இந்த சூப்பு இவ்வளவு நல்லா இருக்கும்னு யாருமே சொல்லலையே.”