சித்தப்பாவின் பதினொரு நாய்கள்

கானாக்,
ஏப்ரல் 9

அன்பு மகள் துக்குமெக்குக்கு அம்மா எழுதுவது. கோபன்ஹேகனில் உனக்கு உடம்பும் படிப்பும் நன்றாக இருக்கட்டும். இங்கே நாங்கள் உயிரோடு இருக்கிறோம், நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை.

போன வாரத் திங்கட்கிழமை இலாங்குவாக் சித்தப்பா மீன் தூண்டில் பார்க்க உறைந்து கிடக்கும் ஃபியோர்டு வளைகுடாவுக்குப் போனான். உன் ஆராய்ச்சிக்காக நான் வாராவாரம் கடல் பனியின் கனத்தை அளந்து, உனக்கும் அனுப்பி, கடைச் சுவரிலும் எழுதிப் போடுகிறேனே, அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் போனான். எழுபத்தெட்டு சென்டிமீட்டர் என்று இருந்தது. அளக்கும் இடத்தில் நீ நட்டுவைத்த அளவுக் கம்பிகளுக்குப் பக்கத்திலேயே பனி உடைந்து சறுக்குவண்டி உள்ளே போய்விட்டது. வார்களில் கட்டியிருந்த நாய்களை அது ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. கத்தியால் வாரை அறுக்க அறுக்க, பயத்தில் அவை இவன் கையையே கடித்துக் குதறியிருக்கின்றன. பதின்மூன்றில் இரண்டுதான் மிஞ்சின.

மறுநாள் கடப்பாரையோடு வந்து உன் கம்பிகளை அடித்து நொறுக்கினான். தடுக்கப் போன அப்பாவைப் பார்த்து, உன் மக கம்பி பொய் சொல்லி என் புள்ளைங்களக் கொன்னுடுச்சுடா என்று கத்தி, அதே கடப்பாரையால் அடித்தான். தோள் எலும்பு முறியும் சத்தம் எனக்குக் கேட்டது. அப்பா விழுந்த பிறகும் ஓங்கினான். நான் பனியில் துளை போட்டு அளக்கும் கருவியைத் தூக்கி அவன் காதோடு சேர்த்து அடித்தேன். பனியெல்லாம் ரத்தம். அப்போதும் அவன் விடவில்லை, அப்பா வாயில் உதைத்தான், இரண்டு பல் போயிற்று. அவர அடிக்காத, கம்பி பொய் சொல்லல, நான்தான் சொன்னேன் என்று அப்போதுதான் வாய் திறந்தேன்.

ஆமாம், மகளே. அவன் போவதற்கு இரண்டு நாள் முன், நான் அளக்க வேண்டிய சனிக்கிழமை, காற்று தோலை உரித்தது. வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். ஒரு வாரத்தில் என்ன கரைந்துவிடப் போகிறது என்று முந்தைய வார எண்ணையே எழுதினேன். அடியில் நீரோட்டம் சூடாகி, இருபதுகூட இல்லையாம்.

அப்ப நீ அங்க போகவே இல்லையா அண்ணி என்று மெல்லக் கேட்டான். கடப்பாரையைப் போட்டுவிட்டுப் போய்விட்டான். அதற்குப் பதில் அவன் என்னையும் அடித்திருக்கலாம்.

நம் நாய்களில் ஆறை ஓட்டிக்கொண்டு போய் அவன் வாசலில் கட்டினேன். நாய விட்டுட்டுப் போ, உள்ள வராத என்றான். போன சனிக்கிழமை நான் துளை போட்டபோது பத்தடி தள்ளி அவனும் ஒரு துளை போட்டு அளந்தான். தன் எண்ணைச் சொல்லாமலே போனான். நானும் என் எண்ணைச் சொல்லவில்லை.

அப்பாவுக்குக் கட்டுப் போட்டிருக்கிறார்கள், நான் ஊட்டிவிடும் சீல் இறைச்சிக் கஞ்சியைத் திட்டிக்கொண்டே குடிக்கிறார். பதறிப்போய் விமானம் ஏறாதே. வேளைக்குச் சாப்பிடு. மார்ச் 28-ம் தேதி எண்ணை அடித்து நீக்கிவிடு, உன் பேராசிரியரிடம் காரணத்தையும் சொல். ஒரு வருஷ உழைப்பு போய்விடுமே என்று மறைக்காதே. கடல் உன்னைக் காக்கட்டும்.

உன் அம்மா,
பாத்லூக்