உன் மண்ணில் ஒரு சொட்டு விழவில்லை, அக்கா

என் பாக்கியம் அக்காவுக்கு,

உன் பாத்தி அப்படியே இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மீதிக் கடிதத்தை நீ நிம்மதியாகக் கேட்க மாட்டாய். நல்ல சேதியைக் கடைசிவரை இழுத்தடிப்பவர்களைக் கண்டாலே உனக்கு ஆகாது.

நீ போய்ப் பதினொரு மாதம் ஆகிறது. பயத்தங்காய் பந்தலில் ஏறிவிட்டது. கீரையில் வழக்கம்போல் ஓட்டை. கறிவேப்பிலை மரத்தில் மட்டும் யாரோ ஒரு கிளையையே ஒடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். யாரென்று எனக்குத் தெரியும். பெயரை எழுதினால் தெருவில் சண்டை வரும், விட்டுவிட்டேன்.

இந்தக் கடிதத்தை ஞாயிறு பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். நாலு பேர் படிக்கட்டும். நம் கோயில் செயலாளர் கந்தையா ஐயாவும் படிக்கட்டும். நல்ல மனிதர்தான், ஆனாலும் படிக்கட்டும். போன மாதம் உன் பாத்திக்கு ஓர் ஆபத்து வந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் அந்த நீல டிரம்மைப் பற்றி எழுத வேண்டும். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நான் செய்த தவற்றை மறைத்துவிட்டு அடுத்தவர்களைக் கேள்வி கேட்டால் நீ சும்மா விடுவாயா?

அக்கரையில், பத்து காவான் என்ற ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் பதினாறு வருஷம் முதுகில் பம்பு சுமந்து களைக்கு மருந்தடித்தாய். மாமா இறந்த பிறகு, ஒரு தகரப்பெட்டியோடு ஃபெர்ரி ஏறி ஜார்ஜ் டவுனுக்கு என்னிடம் வந்தாய். நான் அப்போது துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். வந்த மறுவாரமே கோயிலுக்குப் பின்னால் சும்மா கிடந்த நிலத்தைக் கேட்டு வாங்கிவிட்டாய். உடைந்த ஓடும் சுண்ணாம்புக் காரையுமாகக் கிடந்த இடம். நாய்கூட அங்கே படுக்காது. “உனக்கு வேற வேலையே இல்லையாக்கா?” என்று சிரித்தேன்.

துறைமுகத்தில் காலி டிரம் கண்ணில் பட்டால் வீட்டுக்கு உருட்டிக்கொண்டு வருவது எங்கள் எல்லோருக்கும் பழக்கம். தண்ணீர் பிடிப்போம், அரிசி போட்டு வைப்போம், பிள்ளைகளைக்கூட அதில் நிறுத்திக் குளிப்பாட்டுவோம். அதற்குள் முன்னால் என்ன இருந்தது என்று எவன் பார்த்தான்? நான் கொண்டுவந்த டிரம்மில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அதில் இருந்தது ஆங்கிலம், எனக்கு வாசிக்கத் தெரிந்தது தமிழ் மட்டும். பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று தேங்காய் நாரால் தேய்த்து அதையும் எடுத்துவிட்டேன். சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினேன், சோப்பு வாசனைதான் வந்தது. அக்காவுக்கு மழைத்தண்ணீர் பிடிக்க டிரம் கிடைத்துவிட்டது என்று அன்றைக்கு எனக்கு அப்படி ஒரு பெருமை.

அதில் பிடித்த தண்ணீரை ஊற்றிய ஐந்தாம் நாள் உன் பயத்தங்காய்ச் செடிகள் கருகி நின்றன. பக்கத்தில் இருந்த புல்லும் செத்திருந்தது. நான் வந்து டிரம்மின் மூடியைத் திறந்தேன். வெயிலில் சூடேறியிருந்த டிரம்மிலிருந்து குப்பென்று அடித்தது. தோட்டத்துக்கு உன்னைப் பார்க்க வரும்போதெல்லாம் உன் உடுப்பில் அடிக்குமே, அதே வாடை.

“அக்கா, இது மருந்து டிரம்முக்கா! உனக்கு வாடை வரல?”

நீ குனிந்து தலையை டிரம்முக்குள் விட்டாய். நிமிர்ந்து என்னைப் பார்த்தாய்.

“எந்த வாடைடா?”

அன்றைக்குத்தான் சொன்னாய். மருந்தடிக்கும்போது மூக்கில் ரத்தம் வருமாம், முந்தானையில் துடைத்துக்கொண்டு அடுத்த நிரைக்குப் போவீர்களாம். பிறகு ரத்தம் நின்றது, வாசனையும் நின்றது. யாராவது கேட்டால் சளி என்று சொல்லிவிடுவாய். மல்லிகையும் மீனும் உனக்கு ஒன்றுதான். ரசம் கொதிக்கும்போதெல்லாம் “வாசனை வந்துச்சாடா?” என்று கேட்பாயே, உன் ரசத்தை நான் புகழ வேண்டும் என்பதற்காகக் கேட்கிறாய் என்று நினைத்து உன்னை எவ்வளவு கேலி செய்திருக்கிறேன். நீ நிஜமாகவே கேட்டிருக்கிறாய்.

உனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. கடப்பாரையை எடுத்து டிரம்மின் அடியில் நாலு ஓட்டை போட்டாய், இனி எவரும் அதில் தண்ணீர் பிடிக்கக் கூடாது என்று. “இனிமே என் கண்ணு முன்னால ஒரு சொட்டு எந்த மண்ணுலயும் விழாது. எவன் வந்தாலும் சரி” என்றாய். அந்தப் பாத்தியை அப்படியே விட்டுவிட்டு, தள்ளிப் போய் இன்னொன்று போட்டாய்.

அதற்கப்புறம்தான் நீ மண் செய்ய ஆரம்பித்தாய். மண்ணை வாங்கலாம், தோண்டலாம், செய்வார்களா? நீ செய்தாய். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் தேங்காய் உடைப்பார்கள். ரதம் நகர்ந்ததும் சனம் ரதத்தின் பின்னால் போகும். நீயும் நானும் சாக்கோடு தேங்காய்க்குப் பின்னால் போவோம். பசாரில் காய்கறிக்காரர்கள் கழித்துப் போட்ட சாயூர், மீன்காரர்கள் போட்ட மீன் தலை. காசிம் பாய் சாப்பாட்டுக் கடையிலிருந்து தேத்தண்ணிச் சக்கை, வெங்காயத் தோல். எல்லாவற்றையும் குழியில் அடுக்கடுக்காகப் போட்டுக் கிளறினாய்.

பாய் உன் கீரையை முதலில் வாங்கவில்லை, ஞாபகம் இருக்கிறதா?

“ஓட்டை ஓட்டையா இருக்கு லா பாக்கியம். கஸ்டமர் ஏசுவாங்க.”

“பூச்சியே திங்கப் பயப்படுற கீரைய மனுசனுக்குப் போடுறீங்களே பாய், அதுக்கு ஏசலையா?”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். கடைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஒரு கட்டு வாங்கிப் போனார். அடுத்த வாரம் கடைக்கும் வாங்கினார்.

கோயில் மாலைகளைக் கேட்டபோதுதான் சண்டை. வெள்ளிக்கிழமை தோறும் சாக்குச் சாக்காக மாலை கழியும். கந்தையா ஐயா முகம் சிவந்துபோனார்.

“சாமியின்ர கழுத்தில கிடந்த மாலையைக் குப்பைக்குழியில போடுறதோ? கடல்ல விடவேணும். அதுதான் முறை.”

“இப்ப கடல்லயா ஐயா விடுறீங்க? குப்பை லோரியில மீன் குடலோட போகுதே, அது என்ன முறை? எங்கிட்ட கொடுங்க. கீரையா அன்னதானத்துக்குத் திரும்பி வரும்.”

அடுத்த வெள்ளிக்கிழமையே மாலைச் சாக்கு வந்தது. நீயும் நானும் உட்கார்ந்து நூலையும் ஜிகினாவையும் பிரித்துப் போட்டுவிட்டுப் பூவை மட்டும் குழியில் கொட்டுவோம்.

குழி பக்குவமாகிவிட்டதா என்று பார்க்க மூக்கு வேண்டும். அழுகல் வாடை வந்தால் ஈரம் கூடிவிட்டது, கிளறிவிட வேண்டும். மழை விழுந்த மண் மாதிரி வாசனை வந்தால் தயார். நீ ஒரு பிடி அள்ளி என் மூக்குக்கு நேரே நீட்டுவாய். “வந்துச்சாடா?” “இன்னும் இல்லக்கா.” “இப்ப?” கொள்கலன்கள் வந்து எங்கள் மூட்டை வேலை போன வருஷம், வீட்டில் சுருண்டு கிடந்த என்னைத் தினமும் எழுப்பி வெளியே இழுத்து வந்தது அந்த ஒரு பிடி மண்தான். நான் மூக்கு, நீ கை. மூன்றாம் வருஷம் மண்புழு வந்தது. பிள்ளை பிறந்தது மாதிரி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாய்.

பிறகு உன் சிறுநீரகம் கெட்டது. எதனால் என்று டாக்டர் சொல்லவில்லை. எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. ஆஸ்பத்திரியில் மற்றவர்களெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டிருக்க, நீ மட்டும் “எனக்கு இங்க ரொம்பச் சௌகரியம்டா, ஒரு நாத்தமும் தெரியல” என்று சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. இப்போதும் சிரிப்பு வரவில்லை அக்கா.

சரி, போன மாதத்துக்கு வருகிறேன். திருவிழா நெருங்குகிறது, கோயிலின் பின்பக்கம் முழங்கால் உயரத்துக்குப் புல். செயற்குழு கூடி, ஆள் வைத்து முழு இடத்துக்கும் களைமருந்து அடித்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டது. உன் பாத்தியும் சேர்த்துத்தான். ‘பாக்கியம்தான் இல்லையே’ என்று பேசிக்கொண்டார்களாம். நான் ஒருவன் இருப்பது எவருக்கும் ஞாபகம் வரவில்லை.

அன்று காலை அந்த நீல டிரம்மைக் கவிழ்த்துப் பாத்திக்கு முன்னால் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். கந்தையா ஐயா வந்தார். அவருக்குப் பின்னால் முதுகில் பம்போடு ஒரு பெண் வந்தாள். நாற்பது வயது இருக்கும். முகத்தில் ஒரு துண்டு, காலில் சிலிப்பர், கையில் உறைகூட இல்லை. பெயர் சரோஜாவாம்.

“மாணிக்கம், எழும்பும். அரை மணித்தியால வேலை. உலகம் முழுக்க அடிக்கினம், இதென்ன புதுசோ?”

“உலகம் முழுக்க அடிக்கட்டும் ஐயா. இங்க முடியாது.”

“இது உம்மட நிலமோ?”

“நிலம் கோயிலோடது. மண்ணு எங்க அக்காவோடது. ஒவ்வொரு பிடியும் அவ செஞ்சது. வேணும்னா என் மேல அடிக்கச் சொல்லுங்க.”

அவருக்குக் கோபம் ஏறியது. சரோஜா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றாள். பம்பு வாரைச் சரிசெய்துகொள்ள அவள் தோளைக் குலுக்கிய விதம், அசல் நீதான். எனக்குள் என்ன தோன்றியதோ, எழுந்து அவளிடம் போனேன்.

“தங்கச்சி, துண்ட எறக்கு. கண்ண மூடிக்க. ஒண்ணு காட்டுறேன், வாசனை சொல்லு.”

புதுக் குழியிலிருந்து, இரண்டு நாள் ஆன மீன் தலையோடு சேர்த்து ஒரு பிடி அள்ளி அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். ஆறடி தள்ளி நின்ற கந்தையா ஐயா “சிவ சிவா!” என்று கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். என் கண்ணிலேயே தண்ணீர் வந்துவிட்டது. அவள் கண்ணை மூடியபடி அமைதியாக நின்றாள்.

“ஒண்ணும் வரலையேண்ணே. பூவா?”

“எத்தன நாளா இப்படி?”

“சளிண்ணே. நாலஞ்சு வருசமா விடல.”

எனக்கு அழுகை வந்துவிட்டது அக்கா. ஆத்திரத்தில் வந்த அழுகை. உனக்கும் சளி, அவளுக்கும் சளி. இந்த ஊரில் முதுகில் பம்பு சுமக்கிற எத்தனை பெண்களுக்கு இந்தச் சளி? யார் கேட்டார்கள்? நாம் சாப்பிடுகிற சாயூருக்கு ஓட்டை விழக் கூடாது, கோயிலில் புல் தெரியக் கூடாது. அதற்கு இவள் மூக்கைக் கொடுக்க வேண்டுமா? இதைத்தான் கந்தையா ஐயாவிடம் கத்திச் சொன்னேன். மரியாதை இல்லாமல்தான் சொன்னேன். மன்னிப்பு கேட்கப் போவதில்லை.

அவர் மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்கவே இல்லை. அவளையும் என் கையில் இருந்ததையும் பார்த்துக்கொண்டே நின்றார். கடைசியில் மெதுவாகச் சொன்னார்.

“புல்லு போகவேணும், மாணிக்கம்.”

“புல்லுதானே? நான் வெட்டுறேன்.”

அப்போது சரோஜா கேட்டாள்: “அப்ப எனக்கு இன்னிக்கி வேல இல்லையாண்ணே?”

இது எனக்குத் தோன்றவே இல்லை. நீ இருந்திருந்தால் அவளைப் பார்த்தவுடனே யோசித்திருப்பாய். “ஐயா, அதே ஆளு, அதே கூலி. பம்புக்குப் பதிலா அரிவாள்” என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

இரண்டரை நாள் வெட்டினோம். என் இடுப்பு இன்னும் நிமிரவில்லை. மண்ணை அம்மணமாக விடக் கூடாது என்பாயே, வெட்டிய புல்லையெல்லாம் பாத்திகளில் பரப்பி மூடிவிட்டோம். அடுத்த வருஷம் செயற்குழு மறுபடியும் பேசுமாம். பேசட்டும். டிரம் அங்கேயேதான் கிடக்கிறது.

முழுதாக ஜெயித்துவிட்டேன் என்று பீற்றிக்கொள்ளவில்லை. சரோஜா மற்ற நாட்களில் வேறு இடங்களில் இன்னும் பம்பு சுமக்கிறாள். அதை என்னால் நிறுத்த முடியவில்லை. இன்னும் முடியவில்லை, அவ்வளவுதான். பாயிடம் சொல்லியிருக்கிறேன், கடைக்கு இன்னும் இரண்டு பாத்திக் கீரை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். பாத்தி கூடினால் அங்கே ஒரு ஆளுக்கு வேலை உண்டு. ஒரு துண்டு நிலத்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு டிரம்மால் என்ன ஆனது என்று அவர்களுக்குத் தெரியாது.

நேற்றுச் சனிக்கிழமை. சரோஜா வந்திருந்தாள். பழைய மாலைக் குழியைக் கிளறினோம். நான் எதுவுமே சொல்லவில்லை, சத்தியமாகச் சொல்லவில்லை. அவளாகவே ஒரு பிடி அள்ளி என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“வந்துச்சாண்ணே?”

குனிந்து நன்றாக இழுத்து முகர்ந்தேன். பிறகு சொன்னேன். அவளுக்கும் சொன்னேன், உனக்கும் சொல்கிறேன்.

வந்துச்சு அக்கா. மழை மண் வாசனை, நன்றாகவே வந்துச்சு.

நான் இருக்கிறவரை அந்த மண்ணில் ஒரு சொட்டு விழாது. எனக்குப் பிறகும் விழாமல் பார்த்துக்கொள்ள ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். இது உன் மேல் ஆணை.

உனக்கு மூக்காக இருந்த தம்பி,
மாணிக்கம்