துமினி வீட்டுத் தேநீர்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

"டீச்சர், பதில் சொல்ல எவ்வளவு நேரம் தருவீங்க?"

முப்பத்தைந்து வருஷத்துக்கு முன், என் நான்காம் வகுப்பில், முதல் நாளே துமினி கேட்டது. பிறவியிலிருந்தே கைகாலும் நாக்கும் அவள் இஷ்டத்துக்கு வளையாது. அந்த ஒரு கேள்வியை அவள் முடிப்பதற்குள் கரும்பு ரயில் பள்ளியைத் தாண்டிவிட்டது. "நீ முடிக்கிற வரைக்கும்" என்றேன். அதன்பின் அவள் முறை வந்தாலே வகுப்பு முழுக்க ஜன்னல் பக்கம் திரும்பி ரயில் பெட்டிகளை எண்ணும். பெட்டிகள் தீரும்போது பதில் வந்துவிடும். என்ன அழகான காத்திருப்பு! இப்போது ரயில் இல்லை, லாரிதான்.

இன்று அவள் அண்ணன் சுகெங் வந்தான். அம்மா இறந்த நூறாம் நாள் பிரார்த்தனை முடிந்துவிட்டதாம்.

"அம்மா இல்லாம அவ வீட்டுல தனியா இருக்கா. டவுன்ல ஒரு விடுதி இருக்கு. துமினியைச் சேத்துடலாம்னு பாக்குறேன். அதைப் பேச அடுத்த செவ்வாய் எங்க வீட்டுல கூட்டம். நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பா, டீச்சர்."

அவளுக்கு நாற்பத்தைந்து வயது. நான் சொல்லிக் கேட்க வேண்டுமா?

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சுகெங் வீட்டில் கூட்டம். மாற்றுத்திறனாளிகள் சங்கத்திலிருந்து ரத்ரி என்ற பெண் வந்திருந்தாள். சூடான கற்கண்டுத் தேநீர், பொரித்த தெம்பே என்ற சோயாக் கட்டி. வீட்டுக்காரர் சொல்லாமல் எங்கள் ஊரில் யாரும் கிளாஸைத் தொடமாட்டோம். "குடிங்க, குடிங்க" என்று சுகெங் ஒவ்வொருவரிடமும் சொன்னான். துமினியிடம் சொல்லவில்லை. அவள் கிளாஸ் அப்படியே ஆறிப்போனது.

"சட்டப்படி அவங்க விருப்பம்தான் முக்கியம்" என்று ரத்ரி அவள் பக்கம் திரும்பினாள். "நீங்க எங்க இருக்க ஆசைப்படுறீங்க?"

துமினியின் உதடு அசையத் தொடங்கியது. அதற்குள் சுகெங் முந்திக்கொண்டான்: "அவளுக்குச் சம்மதந்தான்."

ரத்ரியின் பேனா எழுத அசைந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. "கேள்விதான் முடிஞ்சிருக்கு. அவ இன்னும் பதிலே சொல்லலியே! அடுத்த கூட்டத்தை அவ வீட்டுல வைங்க."

"அங்க யாரு டீ போடுவா?" சுகெங் சிரித்தான்.

ஆகஸ்ட் 13, புதன்

அந்த ஆறிய கிளாஸ் கண்ணைவிட்டுப் போகவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

துமினி வீட்டில் கூட்டம். டீயைப் பக்கத்து வீட்டுப் பெண் போட்டாள். எவ்வளவு கற்கண்டு என்று சொன்னவள் துமினி. எல்லார் முன்னாலும் கிளாஸ் வந்தது. சுகெங்கின் கை நீண்டது, பாதியில் நின்றது. இது அவள் வீடாயிற்றே! கையை மடியில் வைத்துக்கொண்டான்.

எல்லாரும் துமினியின் வாயையே பார்த்தோம். ரயில் பெட்டிகளைத்தான் நினைத்துக்கொண்டேன்.

"கு... குடிங்க."

குடித்தோம். அதற்குக் காத்திருந்தவர்கள் அவள் பதிலுக்கும் காத்திருந்தார்கள்.

"நான் எங்கயும் போகல. காலையில ஒருத்தர், சாயங்காலம் ஒருத்தர் உதவிக்கு வரணும். யாருன்னு... நான்தான் பாத்துச் சொல்வேன்."

"விழுந்து கிழுந்து வச்சா?" சுகெங் கிளாஸைக் கீழே வைத்தான். பாவம், பயம்தான் அவனுக்கு.

"கூப்பிடுவேன். நீ... போனை எடு, போதும்."

அவனே சிரித்துவிட்டான். அவள் சொன்னதை அப்படியே எழுதி, வாசித்துக் காட்டி, அவள் தலையசைத்த பிறகே ரத்ரி பேனாவை மூடினாள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

துமினி வீட்டு வாசலில் அவள் சக்கர நாற்காலி இறங்க சுகெங் சரிவு கட்டுகிறான். "இவ்வளவு போதுமா?" என்று அவளிடம் கேட்டுவிட்டுக் கொத்துக்கரண்டியோடு குந்தி இருக்கிறான். சிமெண்ட் காய்கிறது, அவள் பதிலுக்கு இன்னும் காத்திருக்கிறான்.

நாளை நீ யாரிடமாவது ஒன்று கேட்டால், உன் டீ ஆறினாலும் பதில் முடியும்வரை பேசாமல் இரு.