வாய்க்காலில் ஆறிய மெழுகுவத்திகள்

அண்ணி,

இன்று மாலை பள்ளிக்கூடத்தில் மின்சாரம் போய்விட்டது. மழை இருட்டு. பரீட்சைத் தாள்களை மூடி வைத்துவிட்டு ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருந்தோம். ஆயா கடையிலிருந்து ஒரு மெழுகுவத்தி வாங்கி வந்து ஏற்றினார். மின்சாரம் வந்ததும் ஊதி அணைத்தார். அணைந்த திரியின் புகை வாசனை அறையில் பரவியது. மற்றவர்கள் முகத்தைச் சுளித்து ஜன்னலைத் திறந்தார்கள். நான் மூச்சை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டேன். உங்கள் புடவைத் தலைப்பில் எப்போதும் இருந்த வாசனை அது.

வீட்டில் உங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் அண்ணன் எழுந்து வெளியே போய்விடுகிறான். அப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

பேராவூரணிப் பக்கத்திலிருந்து நீங்கள் எங்கள் தெருவுக்கு வாழ வந்தபோது நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். தென்னந்தோப்பில் வளர்ந்தவளுக்கு நடவு என்ன தெரியும் என்று தெருவே காத்திருந்தது. காத்திருந்தவர்களை நீங்கள் ஏமாற்றவில்லை. நீங்கள் நட்ட வரிசை வளைந்து வளைந்து போனது.

"புதுப்பொண்ணு வயல்ல கோலம் போடுதுடி" என்று யாரோ சொல்ல, எல்லோரும் நாற்று முடியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

"தண்ணியில கோலம் போட உங்களுக்கு வருமா? எனக்கு வருதுல்ல" என்றீர்கள். அன்றைக்கே உங்களை எனக்குப் பிடித்துவிட்டது.

மாதர் சங்கத்தில் மெழுகுவத்தி செய்யப் பழக்கினார்கள். பயிற்சி முடிந்து கொடுத்த அலுமினிய அச்சை மற்றவர்கள் பரணில் போட்டுவிட்டார்கள். நீங்கள்தான் அதை அடுப்படிக்குக் கொண்டுவந்தீர்கள். அச்சின் உள்பக்கம் தேங்காய் எண்ணெய் தடவி, திரியை இழுத்துக் கட்டி, வெந்நீர்ச் சட்டிக்குள் மெழுகுச் சட்டியை வைத்து உருக்க வேண்டும். முதல் தடவை எண்ணெய் கூடிப்போய் மெழுகுவத்தியெல்லாம் மீன் மாதிரி வழுக்கியது. "எங்க ஊருக் கை, எண்ணெயில மட்டும் தாராளம்" என்று சொல்லிச் சிரித்தீர்கள்.

திரி கட்டுவது என் வேலை. மெழுகு உருகும்வரை நூலகத்துப் புத்தகத்தை வாசித்துக் காட்டுவதும் என் வேலை. கதையில் ஒருத்தி பக்கம் பக்கமாக அழுதால் உங்களுக்குப் பொறுக்காது. "இவ அழுது முடிக்கறதுக்குள்ள உலையில அரிசி கொழஞ்சிடும். அடுத்த பக்கம் போ பாப்பா" என்பீர்கள். இப்போதும் ஒரு நாவலில் யாராவது நீளமாக அழுதால் என் விரல் தானாகப் பக்கத்தைத் தள்ளுகிறது.

ஊற்றிய அச்சை ஆறவைக்கத் தொட்டித் தண்ணீர் வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். நமக்குத் தொட்டி ஏது? கோடை முழுவதும் ஈரச் சாக்கைச் சுற்றி வைத்தோம். காவேரித் தண்ணீர் வாசல் வாய்க்காலுக்கு வந்த அன்று நீங்கள் அச்சுகளைத் தூக்கிக்கொண்டு ஓடினீர்கள். கரையோரம் கல்லை அணைகொடுத்து, கழுத்தளவு தண்ணீரில் அவற்றை நிற்க வைத்தீர்கள். கொஞ்ச நேரத்தில் மெழுகு இறுகிவிட்டது. அதன் பிறகு நம் மெழுகுவத்திகள் எல்லாம் வாய்க்காலில்தான் ஆறின. கடைத்தெருவில் மளிகை வைத்திருந்த பாய், "சம்பா, குறுவை மாதிரி இதுக்கும் தண்ணி பாய்ச்சுறீங்களாம்மா?" என்று கேட்டுக்கொண்டே வாங்கிக்கொள்வார்.

அந்த வருடம் குறுவை அறுப்பு நேரத்தில் கூலித் தகராறு வந்தது. அரசாங்கம் சொன்ன கூலியைப் பண்ணை அளக்க மறுத்தது. அளக்கும்வரை யாரும் அரிவாளைத் தொடக்கூடாது என்று விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் முடிவாயிற்று. கதிர் சாய்ந்து நின்றது. ஐப்பசி மழை இறங்கினால் நெல் வயலிலேயே முளைத்துவிடும். பண்ணையும் வானத்தைப் பார்த்தது, நாமும் பார்த்தோம். நம் குதிரில் நெல் தீர்ந்துபோயிருந்தது. தெருவில் யார் முதலில் வயலில் இறங்குவார்கள் என்ற பேச்சு வந்தபோதெல்லாம் அப்பா தரையைப் பார்த்தார். கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி வேண்டும் என்று பாய் சொல்லியிருந்தார். அதைக் கொடுத்துவிட்டால் அப்பா முதல் ஆளாக இறங்க வேண்டியிருக்காது. நம் வீட்டுக்கு இருந்தது அந்த ஒரு வழிதான்.

அவசரமாக ஊற்றினோம். மேற்கே மழை பெய்து, வாய்க்கால் திடீரென்று நிறைந்து ஓடியதை நாம் கவனிக்கவில்லை. அச்சின் வாய்க்கு மேலே தண்ணீர் அலைந்திருக்கிறது. வெளியே எடுத்தபோது மெழுகுவத்திகள் வழுவழுவென்று அழகாகத்தான் இருந்தன. ஒவ்வொரு ஈட்டிலும் ஒன்றை ஏற்றிப் பார்ப்பது உங்கள் வழக்கம். ஏற்றினீர்கள். பட்டென்று தெறித்து அணைந்தது. இன்னொன்று. அதுவும் தெறித்தது. திரியெல்லாம் தண்ணீர் குடித்திருந்தது. அப்பா கூரையில் செருகியிருந்த அரிவாளை எடுத்து, துணியால் துடைக்க ஆரம்பித்தார்.

"மாமா, அத வைங்க. நான் இன்னும் அடுப்ப அணைக்கல" என்றீர்கள்.

அந்த நேரத்தில்தான் பண்ணையின் காரியக்காரர் வாசலில் வந்து நின்றார். வெளியூரிலிருந்து அறுப்புக்கு ஆள் இறக்கியிருந்தார்கள். அவர்களைக் குடும்பத்தோடு களத்துக் கொட்டகையில் தங்க வைத்திருந்தார்கள். அங்கே விளக்கு கிடையாது.

"ஏம்மா, இருக்கற மெழுகுவத்தி பூராத்தையும் கட்டு. வெல நீயே சொல்லு. பேரம் பேச மாட்டேன்."

அண்ணன் உங்களைக் கொல்லைப்பக்கம் இழுத்துப்போனான். "குடுத்துடு. எல்லாம் தண்ணி ஏறுனதுதானே? ஏத்திப் பாக்கட்டும். நம்ம பொழப்புல மண்ணப் போட வந்தவனுங்களுக்கு நல்லா வெடிக்கட்டும்."

"கொட்டகையில வைக்கோல் கெடக்கு. புள்ளகுட்டியோட படுத்திருக்காங்க."

கூரைக்குள் ஆள் இருக்கும்போது தீயைப் பற்றி விளையாட்டாகப் பேசுகிற தெரு இல்லை நம்முடையது. கூலி கேட்டவர்களைக் குடிசையோடு கொளுத்திய அந்த ஞாபகம் இந்தக் கீழத் தஞ்சையில் எல்லோருக்கும் உண்டு. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான்.

நீங்கள் வாசலுக்கு வந்து, "இது ஆகாதுங்க. தண்ணி ஏறிப்போச்சு, தெறிக்கும்" என்றீர்கள்.

"சங்கத்துல விக்கக் கூடாதுன்னுட்டாங்களா? அத நேரா சொல்லேன். தண்ணி, கிண்ணின்னு எதுக்குக் கத?"

நீங்கள் ஒன்றை எடுத்து அவர் முன்னாலேயே ஏற்றினீர்கள். பட் பட்டென்று தெறித்ததில் அவர் துள்ளிப் பின்னால் போய்த் துண்டை உதறினார். "என்னம்மா இது, மெழுகுவத்தியா மத்தாப்பா?"

"அதத்தான் சொன்னேங்க."

அவர் போன பிறகு அண்ணன் கேட்டான். "நல்லதா இருந்திருந்தா குடுத்திருப்பியா?" நீங்கள் மெழுகுவத்திகளை உடைத்துச் சட்டியில் போட்டுக்கொண்டிருந்தீர்கள்.

உடைத்ததையெல்லாம் மறுபடி உருக்கினோம். சட்டியில் தண்ணீர் அடங்கும்வரை அது சலசலத்துக்கொண்டே இருந்தது. பிரித்தெடுத்த திரிகளை வெயில் இல்லாததால் அடுப்பு மேட்டில் வைத்து உலர்த்தினோம். அச்சுக்கு மறுபடியும் ஈரச் சாக்கு. பாய் தன் கடைப் பலகையில் ஒன்றை ஏற்றி, அது நின்று எரிவதைப் பார்த்துவிட்டுத்தான் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். அரிசியோடு வீட்டுக்கு வந்தோம். அரிவாள் கூரைக்குப் போனது.

கல்லறைத் திருநாள் மாலையில் என்னைக் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போனீர்கள். கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தோம். உள்ளே வரிசை வரிசையாக நம் மெழுகுவத்திகள் எரிந்தன. லேசாகத் தூறியது. "ஒண்ணுகூட வாயத் தெறக்கல பாத்தியா?" என்று என் கையைக் கிள்ளினீர்கள். அதற்குள் வெளியூர் ஆள் போதாமல் பண்ணையும் மழைக்குப் பயந்து இறங்கி வந்திருந்தது. சொன்ன கூலியை அளந்தார்கள். அப்பா தெருவோடு தெருவாகப் போய் வயலில் இறங்கினார்.

மஞ்சள் காமாலை முற்றி, தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் நீங்கள் கடைசியாகக் கிடந்தபோது நான் கல்லூரியிலிருந்து வந்து பக்கத்தில் இருந்தேன். ஒரு மத்தியானம், அண்ணன் இளநீர் வாங்கப் போயிருந்தபோது, மெழுகுவத்தி நல்லதாக இருந்திருந்தால் அன்று கொடுத்திருப்பீர்களா என்று, அவன் கேட்டு நீங்கள் பதில் சொல்லாத கேள்வியை நான் கேட்டேன். கண்ணை மூடியபடியே சிரித்தீர்கள்.

"மறுநா காலையில வாய்க்கால்ல துணி அலச ஒருத்தி வந்தா. கொட்டகையில இருந்தவ. இடுப்புல கைப்புள்ள. ராவுல புள்ள மேல எறும்பு மொய்ச்சாக்கூட கண்ணு தெரியலக்கான்னா. பழைய ஈட்டுல நல்லது ரெண்டு இருந்துச்சு. முந்தானையில சுத்திக் குடுத்தேன். வைக்கோல் பக்கம் வைக்காத, கொட்டாங்குச்சியில நிறுத்துன்னு சொன்னேன்."

பிறகு கண்ணைத் திறந்து, "உங்கண்ணன்கிட்ட சொல்லிடாத" என்றீர்கள்.

அண்ணன் இப்போது சங்கத்துக் கிளைச் செயலாளர். போன வாரம் சீர்காழியிலிருந்து வந்திருந்த இளைஞர்களுக்கு அந்த வருடத்துக் கதையைச் சொன்னான். குரலில் அவ்வளவு பெருமை. "எங்க வீட்டுல அடுப்புல பூனை தூங்குச்சு. அப்பவும் இந்த வீட்டுலேருந்து ஒரு மெழுகுவத்தி அந்தக் கொட்டகைக்குப் போகல. கேட்டுப் பாருங்க, என் தங்கச்சியே இருக்கா" என்று என்னைக் காட்டினான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், அண்ணி. நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.